கட்டத்துக்குள் என்ன எழுதியிருக்கிறது?

உடுமலை உழவர் சந்தையில் கால் கிலோ பச்சை மிளகாய் வாங்கினாலும் சரி, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு முழம் மல்லிகை வாங்கினாலும் சரி, கண்ணுக்கு நேரே அந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டம் தொங்குகிறது. குழந்தையின் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. மாமியாரின் மாத்திரை அட்டையில் இருக்கிறது. ஆதார் அட்டையில் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகையில்கூட மண்டபத்துக்கு வழி காட்ட மூலையில் ஒன்றைப் போட்டு விடுகிறார்கள். 2021 ஜனவரியில் மதுரையில் ஒரு வீட்டார், மொய் வைப்பதற்கே பத்திரிகையில் கட்டம் அச்சடித்து அது நாடெங்கும் பேச்சானது. (அது சரியா தப்பா என்று என்னைக் கேட்காதீர்கள். எங்கள் பக்கத்தில் மொய் நோட்டு எழுதுகிறவரைக் கேளுங்கள்!)

இந்தக் க்யூ.ஆர். கோடு பற்றி எழுதச் சொல்லிச் சகோதரிகள் சிலர் கேட்டிருந்தார்கள். 'ஸ்கேன் பண்ணினாலே பணம் போய்விடுமா?' என்று ஒருவர். 'கேமராவைக் காட்டினாலே போனுக்குள் யாராவது புகுந்து விடுவார்களாமே?' என்று இன்னொருவர். மூன்றாமவர் ஒரு படி மேலே போய், 'எதுக்கு வம்பு என்று நான் இதைத் தொடுவதே இல்லை. எல்லாம் அவரே பார்த்துக் கொள்கிறார்' என்று எழுதியிருக்கிறார். இந்தக் கடைசிக் கடிதம்தான் எனக்குக் கவலையாக இருந்தது. தொடாமல் இருப்பது பாதுகாப்பு என்று தோன்றும். ஆனால் அவசரத்துக்கு என்றைக்காவது ஒரு நாள் தொட்டுத்தானே ஆக வேண்டும்? அன்றைக்குத் தெரியாமல் தொடுவதை விட, இன்றைக்குத் தெரிந்து கொள்வது நல்லதில்லையா?

முதலில் இது எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். க்யூ.ஆர். என்றால் 'சீக்கிரம் பதில்' என்று அர்த்தம். 1994-ல் ஜப்பானில், மோட்டார் உதிரி பாகங்கள் செய்யும் டென்ஸோ கம்பெனியில், மசாஹிரோ ஹாரா என்ற என்ஜினீயரும் அவருடைய சிறு குழுவும் சேர்ந்து உருவாக்கினார்கள். அதுவரை உதிரி பாகப் பெட்டிகளில், சோப்பு உறையில் பார்க்கிறோமே அந்தக் கோடு கோடான பார்கோடுதான் ஒட்டியிருந்தது. அதில் இருபது எழுத்துக்குச் சொச்சம்தான் அடங்கும். ஆகவே ஒரே பெட்டியில் பல பார்கோடு. ஒவ்வொன்றாகக் காட்டிக் காட்டித் தொழிலாளிகளுக்குக் கை ஓய்ந்து போயிற்று. கறுப்புக் காயும் வெள்ளைக் காயும் வைத்து விளையாடும் 'கோ' என்ற பலகை விளையாட்டு ஹாராவுக்குப் பிடிக்கும். அந்தப் பலகையைப் பார்த்துத்தான், கோடுகளை விட்டுவிட்டுக் கட்டங்களில் எழுதினால் என்ன என்று அவருக்குத் தோன்றியதாம். இப்போது எண்களாக மட்டும் எழுதினால் ஒரு கட்டத்துக்குள் 7,089 எண்கள் வரை எழுதலாம். டென்ஸோ இதற்கு உரிமை வாங்கி வைத்திருந்தாலும், யார் வேண்டுமானாலும் இலவசமாக உபயோகிக்கலாம் என்று விட்டுவிட்டது. அந்தப் பெரிய மனசினால்தான் நம் மிளகாய்க் கடை வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

மூன்று மூலைகளில் பெரிய சதுரம் இருக்கிறதல்லவா? அது போன் கேமராவுக்கான அடையாளம். 'கட்டம் இங்கேதான் இருக்கிறது, இப்படித்தான் திரும்பியிருக்கிறது' என்று அது சொல்லும். அதனால்தான் நீங்கள் போனைத் தலைகீழாகப் பிடித்தாலும் படித்து விடுகிறது. இன்னொரு அதிசயம்: சந்தைக்கடை அட்டையில் மஞ்சள் கறையும் எண்ணெய்ப் பிசுக்கும் ஏறி, ஒரு ஓரம் கிழிந்தும் போயிருக்கும். ஆனாலும் வேலை செய்யும். வாசலில் போட்ட கோலத்தைப் பால்காரர் வண்டி ஒரு பக்கம் அழித்துவிட்டுப் போனாலும், மிச்சத்தைப் பார்த்தே அது இன்ன கோலம் என்று சொல்லிவிடுவோமே, அந்த மாதிரி. அழிந்ததைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க உபரித் தகவலும் உள்ளேயே எழுதியிருக்கிறது. அமைப்பைப் பொறுத்து ஏறக்குறைய 30 சதவீதம் வரை சேதமானாலும் படிக்கலாம்.

ஆனால் கோலத்துக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம். கோலத்தைப் பார்த்தால் நமக்குத் தெரியும். இதைப் பார்த்தால் தெரியாது. செல்வி கடைக் கட்டத்தையும் திருடன் கட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எப்பேர்ப்பட்ட படிப்பாளியாக இருந்தாலும் வெறும் கண்ணால் பிரித்துச் சொல்ல முடியாது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பது போன் திரையில்தான் தெரியும். ஆகவே சகோதரிகளே, கட்டத்தைப் பார்த்து நம்பாதீர்கள். ஸ்கேன் செய்தபின் திரையில் வருவதைப் படியுங்கள். நான் சொல்ல வந்ததில் முக்கால்வாசி இவ்வளவுதான்.

கடைக் கட்டத்துக்குள் என்ன இருக்கும்? பெரிதாக ஒன்றும் இல்லை. அந்தக் கடைக்காரரின் யு.பி.ஐ. முகவரி, ஒரு பெயர், சில சமயம் தொகை, சின்னதாக ஒரு குறிப்பு. தபால் உறை மேல் விலாசம் எழுதின மாதிரி. விலாசத்தைப் படித்ததாலேயே யாருக்கும் பணம் போய்விடாது. முதல் கடிதக்காரச் சகோதரிக்கு இதுதான் பதில். பணத்தை நகர்த்துவது உங்கள் ரகசிய எண், அதாவது அந்த நாலு அல்லது ஆறு இலக்க 'பின்' நம்பர். அதை எப்போது போட வேண்டும்? பணம் கொடுக்கும்போது. பிறகு, கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும்போது. பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. கட்டத்தை ஸ்கேன் செய்யவும் தேவையில்லை. நம் வீட்டு வாசலில் ஒருவர் பணம் கொண்டு வந்து கொடுப்பதற்கு நம் பீரோச் சாவி அவருக்கு எதற்கு?

இது இவ்வளவு சுலபமாக இருக்கிறதே, இதில் போய் ஏமாறுவார்களா என்று கேட்பீர்கள். எங்கள் வீதியில் இரண்டு வீடு தள்ளி ஒரு பெண் இருக்கிறாள். பி.காம். படித்தவள். இரண்டாவது குழந்தை பிறந்த பிறகு வேலைக்குப் போக முடியவில்லை. வீட்டிலேயே ராகி, கம்பு, நிலக்கடலை எல்லாம் வறுத்து, மில்லில் கொடுத்துத் திரித்துச் சத்துமாவு விற்கிறாள். நல்ல மாவு, எங்கள் வீட்டுக்கும் அவளிடம்தான் வாங்குகிறோம். வாட்ஸ்அப்பில் விளம்பரம் போட்டிருந்தாள். ஒரு நாள் ஒரு போன். இந்தியும் தமிழும் கலந்து ஒரு ஆள் பேசுகிறான். தான் மிலிட்டரியில் இருப்பதாகவும், கேம்ப்பில் குழந்தைகளுக்காக இருபது கிலோ வேண்டும் என்றும் சொன்னான். பேரமே பேசவில்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும் என்று இப்போது நாம் சொல்லலாம். முதன் முதலில் இருபது கிலோ ஆர்டர் வந்த சந்தோஷத்தில் யாருக்குத் தோன்றும்?

"எங்க ஆபீஸ் முறைப்படி முன்பணம் இந்தக் கட்டம் வழியாத்தான் போகும். நீங்க ஸ்கேன் பண்ணினா உங்க கணக்குக்கு வந்துரும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு க்யூ.ஆர். கோடு அனுப்பினான். அதன் கீழே 'அட்வான்ஸ் வரவு' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அந்தக் குறிப்பை யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் எழுதிக் கொள்ளலாம் என்பது அவளுக்குத் தெரியாது. முதலில் அஞ்சு ரூபாய்க்கு ஒன்று. அவள் ஸ்கேன் செய்ததும் அவன் பத்து ரூபாய் அனுப்பி வைத்தான். நம்பிக்கை வந்துவிட்டது. அடுத்தது 4,500-க்கு ஒன்று. "வரலீங்களே" என்றாள். "சர்வர் பிரச்சினை, இன்னொரு தடவை பண்ணுங்க, சேர்ந்து வரும்" என்றான். இரண்டாவது 4,500. அப்போதுதான் வங்கியிலிருந்து வந்த எஸ்.எம்.எஸ்ஸைப் படித்திருக்கிறாள்.

மூன்று நாள் கழித்து என்னிடம் வந்தாள். "பணம் வருமுன்னு தானுங்க்கா ஸ்கேன் பண்ணினேன். போயிருச்சுங்க்கா" என்று திண்ணையில் உட்கார்ந்து அழுதாள்.

"ஏன் கண்ணு, அன்னைக்கே சொல்லியிருக்கலாமில்ல?" என்றேன்.

"அவருக்குத் தெரிஞ்சா மாவு வேவாரத்தையே நிறுத்தச் சொல்லிருவாருங்க. எங்க அத்தை வேற, பொட்டப்புள்ளைக்கு எதுக்குப் போனுன்னு எப்பவும் சொல்லிட்டிருக்கும். அதான்..."

எனக்கு அந்த ஒன்பதாயிரத்தை விட இந்தப் பதில்தான் வலித்தது. மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடாமல், பால் குடிக்கிற குழந்தையை வைத்துக் கொண்டு, யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறாள். அன்றைக்கே சாயங்காலம் 1930-க்குப் போன் செய்யச் சொன்னேன். புகார் பதிவாயிற்று. ஆனால் மூன்று நாளில் பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து மற்றொன்று என்று தாண்டிப் போய் எடுக்கப்பட்டும் விட்டது.

1930 என்பது பண மோசடிக்கென்றே இருக்கும் அரசாங்க உதவி எண். ராத்திரி பகல் எந்நேரமும் கூப்பிடலாம். நாம் சொன்னதும், பணம் போன வங்கிக்கு உடனே தகவல் போகும். பணம் அந்தக் கணக்கிலேயே இருந்தால் அதை நிறுத்தி வைப்பார்கள். வேறு கணக்குக்குத் தாண்டியிருந்தால் அடுத்த வங்கிக்குத் தகவல் போகும். இது ஒரு ஓட்டப் பந்தயம். திருடன் ஓடுகிறான், நாமும் ஓட வேண்டும். முதல் ஒரு மணி நேரத்துக்குள் சொன்னால் பிடிப்பதற்கு வாய்ப்பு அதிகம். ஆகவே கணவரிடம் எப்படிச் சொல்வது, மாமியார் என்ன சொல்வார் என்பதெல்லாம் அப்புறம். முதலில் 1930. அடுத்து உங்கள் வங்கி. பணம் போன விவரத்தில் பன்னிரண்டு இலக்கத்தில் ஒரு பரிவர்த்தனை எண் இருக்கும். கேட்பார்கள், அதைத் தயாராக வைத்துக் கொள்ளுங்கள். அந்த ஆள் அனுப்பிய செய்திகளைக் கோபத்தில் அழித்து விடாதீர்கள். அதுதான் சாட்சி. சைபர்கிரைம் டாட் ஜி.ஓ.வி. டாட் இன் என்ற அரசாங்க இணையதளத்திலும் புகாரைப் பதியலாம்.

இந்தப் பக்கத்தை வீட்டில் ஆண்களும் படிப்பது எனக்குத் தெரியும் (டிபனுக்குக் காத்திருக்கும்போது!). அவர்களுக்கும் ஒரு வார்த்தை. திட்டு விழும் என்ற பயம் உள்ள வீட்டில்தான் திருடனுக்கு மூன்று நாள் அவகாசம் கிடைக்கிறது. ஆபீஸ் போகிறவர்கள், வங்கி மேனேஜர்கள்கூட ஏமாந்த காலம் இது. மனைவியோ தாயாரோ வந்து சொன்னால், முதலில் போனை எடுத்து 1930-க்குப் போடுங்கள். கேள்வியெல்லாம் ஆற அமரக் கேட்டுக் கொள்ளலாம்.

முன்பெல்லாம் இதே ஏமாற்று வேலையைக் கட்டம் இல்லாமலும் செய்தார்கள். நம் போனுக்கே 'இவருக்குப் பணம் கொடுங்கள்' என்று ஒரு கோரிக்கையை அனுப்பி, அதை வரவு என்று நம்ப வைப்பார்கள். தனி ஆள் தனி ஆளிடம் அப்படிக் கேட்கும் வசதியை, யு.பி.ஐ.யை நடத்துகிற என்.பி.சி.ஐ. நிறுவனம் 2025 அக்டோபரில் நிறுத்திவிட்டது. அந்த வழி அடைபட்டது. கட்டத்தை அனுப்பும் வழி அடைபடவில்லை.

அடுத்த தந்திரம் கடைகளில் நடப்பது. 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்தில், கோயில்களுக்குப் பேர்போன கஜுராஹோவில், ராத்திரியோடு ராத்திரியாகச் சில ஆட்கள் வந்து, பெட்ரோல் பங்க், கடைகள் என்று பல இடங்களில் இருந்த கட்டங்களின் மேல் தங்கள் கட்டத்தை ஒட்டிவிட்டுப் போய்விட்டார்கள். மறுநாள் வந்தவர்கள் கொடுத்த பணமெல்லாம் அவர்கள் கணக்குக்குப் போயிற்று. ஒரு மருந்துக் கடையில் இது எப்படித் தெரிந்தது தெரியுமா? ஸ்கேன் செய்த வாடிக்கையாளர், 'பெயர் மாறி வருகிறதே' என்று சொன்னதால்! அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலம் ஆஸ்டின் நகரத்தில் 2022 ஜனவரியில், கார் நிறுத்தக் காசு கட்டும் மெஷின்கள் 29-ல் இப்படிப் போலி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது தெரிய வந்தது. ஆக, இது படித்த ஊர், படிக்காத ஊர் என்ற பேதம் பார்ப்பதில்லை.

அதனால் ஸ்கேன் செய்ததும் வருகிற பெயரைப் படியுங்கள். 2025 ஜூன் கடைசியிலிருந்து ஒரு நல்ல ஏற்பாடு வந்திருக்கிறது. பணம் அனுப்பும் முன், வங்கிக் கணக்கில் உள்ளபடியே பெயரைத் திரையில் காட்ட வேண்டும் என்று என்.பி.சி.ஐ. உத்தரவு போட்டது. நாமாகப் போனில் பதிந்து வைத்த செல்லப் பெயரோ, அவராக வைத்துக் கொண்ட பட்டப் பெயரோ அங்கே வராது. இதில் ஒரு சின்னச் சிக்கலும் உண்டு. 'ஸ்ரீ முருகன் ஸ்டோர்ஸ்' என்று போர்டு இருக்கும். ஸ்கேன் செய்தால் 'செல்வி பி.' என்று வரும். கடைக்காரர் மனைவியின் கணக்காக இருக்கலாம். அதற்கென்ன, வாய் இருக்கிறதே! "ஏனுங்க, செல்வின்னு வருதுங்களே, உங்களுதுங்களா?" என்று கேட்டால் யாரும் கோபித்துக் கொள்ள மாட்டார்கள். உண்மையில் அவருக்கு நீங்கள் உபகாரம்தான் செய்கிறீர்கள்.

சந்தையில் கடை போடும் சகோதரிகளும் இந்தப் பத்திரிகையை வாசிக்கிறார்கள். அவர்கள் காலையில் கடை விரித்ததும் தங்கள் கட்டத்தை வீட்டில் இருக்கும் இன்னொரு போனால் ஒரு தடவை ஸ்கேன் செய்து, தங்கள் பெயர் வருகிறதா என்று பார்த்துவிட்டால் போதும். அட்டையைச் சுவரில் வெளிப்புறமாக ஒட்டி ராத்திரி அப்படியே விட்டுவிட்டுப் போகக் கூடாது. வாங்குகிறவர் போனைக் காட்டி 'பச்சை டிக் வந்துருச்சு பாருங்க' என்றால் அதை நம்பவும் வேண்டாம். அந்தப் படத்தைப் போலியாகக் காட்டும் ஆப்களே இருக்கின்றன. உங்கள் சத்தப் பெட்டி கூவ வேண்டும், அல்லது உங்கள் போனுக்கு வங்கியின் தகவல் வர வேண்டும். அப்புறம்தான் பையை நீட்ட வேண்டும்.

இனி இரண்டாவது சகோதரியின் கேள்வி. கேமராவைக் காட்டினாலே யாராவது புகுந்து விடுவார்களா? காட்டுவதால் அல்ல, அடுத்து நாம் அழுத்துவதால்தான் ஆபத்து. எல்லாக் கட்டத்திலும் பண விலாசம் இருக்காது. சிலவற்றில் இணையதள விலாசம் இருக்கும். போன் அதைத் திரையில் காட்டி, திறக்கட்டுமா என்று கேட்கும். அங்கே ஒரு நிமிஷம் நில்லுங்கள். அது உங்களுக்குத் தெரிந்த இடம்தானா? உள்ளே போனதும் கார்டு நம்பர், ஓ.டி.பி. என்று கேட்டாலோ, ஏதாவது ஒரு ஆப்பை இறக்கிக் கொள்ளச் சொன்னாலோ, மூடிவிட்டு வெளியே வந்துவிடுங்கள். நாம் ஆர்டர் செய்யாத பார்சல் ஒன்று வருகிறது; உள்ளே அனுப்பினவர் பெயர் இல்லை, 'யார் அனுப்பியது என்று அறிய ஸ்கேன் செய்க' என்று ஒரு துண்டுச் சீட்டு. இதைப் பற்றி அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. 2025 ஜூலையில் பொதுமக்களுக்கு எச்சரிக்கை விட்டது. இலவசப் பரிசு என்றால் ஆசை எல்லோருக்கும் வரும். பரிசை வைத்துக் கொள்ளுங்கள், சீட்டைக் கிழித்துப் போடுங்கள்.

வாட்ஸ்அப்பிலும் ஒரு கட்டம் உண்டு. நம் வாட்ஸ்அப்பைக் கம்ப்யூட்டரில் திறப்பதற்காக, கம்ப்யூட்டர் திரையில் தெரியும் கட்டத்தை நம் போனால் ஸ்கேன் செய்வோம். உடனே நம் செய்திகள் எல்லாம் அங்கே தெரியும். வேறு யாரோ அனுப்பும் கட்டத்தை இந்த முறையில் ஸ்கேன் செய்தால், நம் குடும்பப் பேச்சு, குழந்தைகளின் போட்டோ எல்லாம் அவர் வீட்டில் தெரியும். வாட்ஸ்அப் செட்டிங்கில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' என்று ஒரு பகுதி இருக்கிறது. இந்தப் பக்கத்தைப் படித்து முடித்ததும் போய்ப் பாருங்கள். உங்களுக்குத் தெரியாத கம்ப்யூட்டர் ஏதாவது அங்கே இருந்தால் வெளியேற்றி விடுங்கள்.

பயமுறுத்தியே எழுதுகிறேனே என்று நினைக்காதீர்கள். இந்தக் கட்டம் நமக்குக் காவலாக நிற்கும் இடமும் உண்டு. மாத்திரை அட்டையைச் சொல்கிறேன். அதிகமாக விற்பனையாகும் 300 மருந்துப் பெயர்களுக்கு, 2023 ஆகஸ்ட் 1 முதல் தயாராகும் உறைகளில் க்யூ.ஆர். அல்லது பார்கோடு கட்டாயம் என்று மத்திய அரசு விதி செய்தது. டோலோ, கால்பால், ஷெல்கால், அலெக்ரா, மெஃப்டால் என்று நம் வீட்டு அலமாரியில் இருக்கும் பெயர்கள் பல அந்தப் பட்டியலில் இருக்கின்றன. அட்டையில் இடம் இல்லாவிட்டால் வெளிப் பெட்டியில் இருக்கும். ஸ்கேன் செய்தால் மருந்தின் பெயர், தயாரித்தவர் விலாசம், பேட்ச் நம்பர், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, லைசென்ஸ் நம்பர் எல்லாம் வர வேண்டும்.

வந்தால் மட்டும் போதாது. அங்கே வருகிற பேட்ச் நம்பரும் தேதியும், அட்டையில் அச்சடித்திருப்பதும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஏனென்றால் கட்டத்தையும் நகல் எடுத்து ஒட்டலாமே! இரண்டும் ஒத்துப் போகாவிட்டால் மாத்திரையை விழுங்காமல் கடைக்காரரிடம் எடுத்துப் போய்க் காட்டுங்கள். அதே சமயம், கட்டமே இல்லாத மருந்தெல்லாம் போலி என்றும் எண்ணிவிடக் கூடாது. அந்த 300-ல் இல்லாத மருந்துகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அவற்றுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. மாமியாரின் பிரஷர் மாத்திரையில் கட்டம் காணோம் என்று நீங்களாக நிறுத்திவிட்டு என்னைக் குற்றம் சொல்லாதீர்கள்!

இன்னொன்றும் தெளிவாகச் சொல்ல வேண்டும். கட்டம் சொல்வது மருந்தின் பெயரையும் ஊரையும்தான். குணத்தைச் சொல்லாது. 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவில் 'கோல்ட்ரிஃப்' என்ற இருமல் மருந்தைக் குடித்த பச்சைக் குழந்தைகள் இறந்து போனார்கள். அது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்தபோது, டைஎத்திலீன் கிளைகால் என்ற விஷம் அதில் 48.6 சதவீதம் இருந்தது. அன்றைக்குத் தாய்மார்கள் எல்லோரும் தேடியது ஒரு பேட்ச் நம்பரைத்தான். எஸ்.ஆர். 13 என்பது அது. பாட்டில் உறையைத் தூக்கி எறிந்தவர்களுக்கு, தாங்கள் கொடுத்தது எது என்று தெரிந்து கொள்ள வழி இல்லை. ஆகவே குழந்தைக்கு வாங்கும் மருந்துக்கு ரசீது கேட்டு வாங்குங்கள், அதில் பேட்ச் நம்பர் இருக்கும். மருந்து தீரும் வரை உறையை வைத்திருங்கள். டாக்டர் எழுதிக் கொடுக்காமல் சின்னக் குழந்தைக்கு இருமல் மருந்தே வேண்டாம் என்பதையும் இதோடு சேர்த்துச் சொல்லி விடுகிறேன்.

பாடப் புத்தகக் கட்டங்கள் 2018-ல் புதிய பாடத்திட்டம் வந்தபோதே வந்தவை. ஸ்கேன் செய்தால் பாடத்துக்கான படம், விளக்கம் கிடைக்கும். நல்ல ஏற்பாடு. ஆனால் அதற்காகக் குழந்தை கையில் கொடுக்கும் போன், உங்கள் வங்கி ஆப் இருக்கும் அதே போன் என்பது நினைவிருக்கட்டும். பின் நம்பரைக் குழந்தைக்குத் தெரியும்படி போடாதீர்கள். பிறந்த வருஷத்தையே பின் நம்பராக வைத்திருக்கும் வீடுகள் எத்தனை என்று எனக்குத் தெரியும்!

காய்கறி, பால் போன்ற சில்லறைச் செலவுக்கு யு.பி.ஐ. லைட் என்று ஒரு வசதி இருக்கிறது. அதில் 5,000 ரூபாய் வரை போட்டு வைத்துக் கொண்டு, ஒரு தடவைக்கு 1,000 ரூபாய் வரை பின் நம்பர் இல்லாமலே கொடுக்கலாம். நான் இதைச் சிபாரிசு செய்கிறேன். சந்தைக் கூட்டத்தில் நாலு பேர் பார்க்க ரகசிய எண்ணைத் தட்ட வேண்டாம். அதோடு, தினமும் பத்துத் தடவை பின் நம்பர் போட்டால் விரல் தானாகப் போட்டு விடுகிறது. எப்போதாவது போட்டால்தான் 'இப்போ எதுக்கு இது கேட்குது?' என்று நிதானிக்கத் தோன்றும். போனுக்குப் பூட்டு மட்டும் அவசியம் போட்டு வையுங்கள். லைட்டில் இருக்கும் பணம் கைப்பையில் இருக்கும் பணம் மாதிரி, போன் யார் கையில் இருக்கிறதோ அவருடையது.

பக்கத்து வீட்டுப் பெண் மாவு விற்பதை நிறுத்தவில்லை. போன வாரம் வந்து, "அக்கா, பாக்கெட் மேலயே என்ற கட்டத்தைப் பிரிண்ட் போட்டரலாமுங்களா? தப்பில்லீங்களே?" என்று கேட்டாள். தாராளமாகப் போடலாம். அதை வைத்து உன் கணக்கில் யாரும் பணம் போடத்தான் முடியும், எடுக்க முடியாது என்றேன். ஒன்று மட்டும் பார்க்கச் சொன்னேன். பல ஆப்களில் யு.பி.ஐ. முகவரியாக நம் போன் நம்பரே இருக்கும். ஸ்கேன் செய்கிற முன்பின் தெரியாத ஆள் எல்லோருக்கும் அந்த நம்பர் கிடைத்துவிடும். ராத்திரி பத்து மணிக்கு 'சாப்பிட்டாச்சா?' என்று கேட்கும் செய்திகள் எங்கிருந்து வருகின்றன என்று நினைக்கிறீர்கள்? ஆப்பின் செட்டிங்கில் போய், நம்பர் இல்லாமல் வேறு பெயரில் ஒரு முகவரி அமைத்துக் கொண்டு, அதற்கு வரும் கட்டத்தை அச்சடிக்கக் கொடுக்க வேண்டும். அச்சானதும் முதல் பாக்கெட்டை இன்னொருவர் போனில் ஸ்கேன் செய்து, பெயர் சரியாக வருகிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் மிச்சத்தை அடிக்கச் சொல்ல வேண்டும். அதையும் சொல்லித்தான் அனுப்பினேன்.